ஒரு சாண் மௌனம்

ட்ரான்டர் என்ற இங்கிலாந்துக்காரர்
செலெபி-பிக்வே உருக்காலையில் மூன்றாண்டு முடித்து
ஊர் திரும்பும்போது என் அண்ணன் ஓதெங்கிடம்
ஒரு தூண்டில், அரை டின் பிஸ்கட்,
சிண்டர் பிஷப் குழுவின் 'ஏழாம் உலை' கேசட்
மூன்றையும் கொடுத்துவிட்டுப் போனார்.
அட்டையில் கொம்பு முளைத்த ஒரு கொதிகலன்.
வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைக்காதே,
அம்மா சொன்னது அவ்வளவுதான்.

முதல் பாட்டு தொடங்கியதும்
எதிர்வீட்டு மொவாகி செருப்பில்லாமல் ஓடிவந்தான்,
சுரங்கம் சரிந்துவிட்டதென்று.
கிட்டார்டா, என்றான் அண்ணன்.
இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.
கஞ்சி ஆறி ஆடை கட்டிவிட்டது.

ஷிப்ட் மாற்றும் சங்கு அதில் இருந்தது.
கசடு கொட்டும் சட்டியின் கிறீச்சு இருந்தது.
பர்மிங்காம் பக்கம் ஏதோ வார்ப்பாலையில்
சம்மட்டி பிடித்துக் கொண்டிருந்த நாலு பேர்
எங்கள் அப்பாவின் முதுகுவலியை
எப்படி வாசித்தார்கள்?

இனி வருவதை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குப் பதினொரு வயது. அண்ணனுக்கு இரவு ஷிப்ட்.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு,
டிரம்ஸ் மட்டும் படியிறங்கி வருமே, அந்த இடம்.
பிளேயர் நாடாவைத் தின்றது.
இழுத்தேன். கோழிக்குடல் மாதிரி வந்தது.
கசங்கியது ஒரு சாண்.
அதை வெட்டி எறிந்தேன்.
எடுத்த அளவைத் திருப்பி வைக்கவேண்டும் என்ற நேர்மையில்
செலோடேப்பை அதே ஒரு சாணுக்கு
மெல்லிசாக நறுக்கி ஒட்டினேன்.
பென்சில் விட்டுச் சுற்றிப் போட்டுக் கேட்டேன்.
டிரம்ஸ் இறங்குகிறது, இறங்குகிறது,
பிறகு எதுவும் இல்லை.
நான்கு நொடி.
பிறகு எல்லாம் சேர்ந்து தலையில் விழுகிறது.

முதல் பக்கத்திலும் அதே நீளத்துக்குப் பள்ளம்.
ஆனால் அது இரண்டு பாட்டுக்கு நடுவில் போய் விழுந்தது.
கடவுள் அந்த அளவுக்கு என் பக்கம்.

காலையில் அண்ணன் கேட்டான்.
நெடுநேரம் பேசவில்லை.
'இந்த இடத்தை இதுவரை
சரியாகக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்' என்றான்.

அந்தக் கேசட்டிலிருந்து மொவாகிக்கு ஒன்று,
மொவாகியிடமிருந்து லாரிக்காரர்களுக்கு,
ஃபிரான்சிஸ்டவுன், மாவுன், காபரோன்.
போன இடமெல்லாம் என் செலோடேப்பும் போனது.

நாற்பது டிகிரி வெயிலில் தோலாடை,
இடுப்பில் சங்கிலி, தொப்பியில் மாட்டுக்கொம்பு.
எந்தக் குழு வாசித்தாலும் அங்கே நிறுத்தினார்கள்.
கூட்டம் கை தூக்கி மூச்சை அடக்கும்.
பிறகு சொந்தப் பாட்டுகள் கட்டினார்கள்,
அவற்றிலும் நான்கு நொடி.
ராங்கோ வானொலியில் விளக்கினான்,
அது மண்ணுக்கடியில் கிடப்பவர்களுக்கான மௌனமாம்.
பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.
கண் கலங்கியது. வெட்கமாகவும் இருந்தது.

பின்னாளில் சி.டி. வந்தது.
பள்ளம் இல்லை. டிரம்ஸ் நில்லாமல் இறங்கிப் போகிறது.
மொவாகியின் மகன் உதட்டைச் சுழித்தான்:
'கிழவர்கள் பயந்துபோய் நிரப்பிவிட்டார்கள்.'

இரண்டாயிரத்துப் பதினாறில் சுரங்கத்தை மூடினார்கள்.
கந்தகம் இருமாத புகைபோக்கியைப் பார்த்தபடி
ஆட்கள் தெருவில் நின்றார்கள்,
தொண்டை கரகரக்காதது பழக்கமில்லாமல்.

அந்தச் சனிக்கிழமை கிளப்பில் ராங்கோவின் குழு.
இறங்கி வந்த டிரம்ஸ் நின்றது.
நான்கானது. ஏழானது.
டிரம்மர் குச்சியை உயர்த்தியபடியே நிற்கிறான்.
பன்னிரண்டு. யாரோ இருமினார்கள்.
வெளியே நாய்கூடக் குரைக்கவில்லை.
வேலை போன ஓதெங் என் பக்கத்தில்,
கை இன்னும் மேலே, சட்டைக் கக்கம் கிழிந்து.

அவன் காதருகே குனிந்தேன்.
'அது நான்தான்' என்றேன்.
அந்த நொடி பார்த்து எல்லாம் இடிந்து விழுந்தது.

'என்ன?' என்று கத்தினான்.

'பியர் வேணுமான்னு கேட்டேன்!'

வேணும், என்று தலையாட்டினான்.
கொம்புத் தொப்பி சரிந்து என் நெற்றியில் இடித்தது.